ஜப்பான்காரன் தொப்பியில் என் சிரிப்பு

அன்புள்ள துரோகிக்கு,

நான் எழுதப்போகும் இந்தக் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை என்று சூரியன் சாட்சியாக, கிள்ளான் ஆறு சாட்சியாக, மாற்று அறுவை செய்யப்பட்ட என் இரண்டு முழங்கால்கள் சாட்சியாக உறுதி கூறித் தொடங்குகிறேன். நீயும் நம்பமாட்டாய். உயிரோடு இருந்தபோதே நான் சொன்ன எதையும் நீ நம்பியதில்லை. "ஒன் கதையில பாதியக் கழிச்சிட்டு, மீதிய வெயில்ல காயப் போட்டா ஒரு சொட்டு நெசம் தேறும்" என்பாய். அந்த ஒரு சொட்டுக்காகத்தான் இந்த மடல்.

நேற்றுக் காலை காப்பாரில் என் வீட்டு வாசலுக்கு ஒரு லோரி வந்தது. லோரி என்று சொன்னால் அதற்கு அவமானம். அது ஒரு போர்க்கப்பல். அது ரிவர்ஸ் எடுத்த வேகத்தில் மின்நிலையத்தின் புகைக்கூண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு வெட்கப்பட்டு நிமிர்ந்தது. முன்சீட்டிலிருந்து உன் மனைவி இறங்கினாள். பின்னாலிருந்து இரண்டு ஆட்கள், தீபாவளி மலிவு விற்பனை பேனரில் சுற்றியிருந்த பெரிய சட்டம் ஒன்றை இறக்கினார்கள். பேனரை அவிழ்த்ததும் முதலில் வந்தது வாசனைதான். பிரிக்பீல்ட்ஸில், பூக்கடைக்கு மேலே நீ வைத்திருந்த அறையின் வாசனை. சாய எண்ணெயும் டர்பன்டைனும், கீழேயிருந்து படியேறி வரும் மல்லிகையும் கலந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அது போகவில்லை.

வாசனைக்குப் பின்னால் நான் வந்தேன். ஜப்பானியச் சிப்பாயின் தொப்பி போட்டுக்கொண்டு, முன்பற்களுக்கு நடுவே உள்ள சந்து தெரிய, என்னைப் பார்த்து நானே சிரித்தேன்.

லோரிக்காரர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "அங்கிள், இது நீங்கதானா? அதே மூஞ்சிலா! ஜப்பான் ஆர்மியிலயா இருந்தீங்க?"

"ஜெனரலா இருந்தேன்" என்றேன். "சிங்கப்பூர நான்தான் புடிச்சேன். ஒரு கையில சிங்கப்பூரு, இன்னொரு கையில தே தாரிக் கிளாஸு."

என் வீட்டுக்காரி கதவோரம் நின்று தலையில் கை வைத்துக்கொண்டாள். "பத்து வருசமா மண்டபத்துல பல்லக் காட்டுனது போதாதா? இனிமே வீட்டுலயும் ரெண்டு பேரா?"

கிள்ளான் மண்டபத்தைப் புதுப்பிக்கிறார்களாம். நீ வரைந்த இந்தப் படம் தொங்கிய சுவரில் இனிமேல் பெரிய திரை ஒன்று ஓடப்போகிறது. உன் வீட்டில் கேட்டிருக்கிறார்கள். உன் மனைவி, "அது அண்ணனுக்குத்தான் சேரணும்" என்று சொல்லிவிட்டாளாம். சொன்னதோடு நிற்காமல் கொம்யூட்டர் ரயில் பிடித்துக் கிள்ளான் வந்து, படம் கீறிவிடக் கூடாதென்று லோரியிலேயே ஏறி வந்துவிட்டாள். எனக்குத்தான் சேரவேண்டுமாம்! நீ எனக்குச் செய்த துரோகத்தை, சட்டம் போட்டு, பேனர் சுற்றி, வீடு தேடி வந்து ஒப்படைத்திருக்கிறார்கள்.

உன் அறைச் சுவர்களை நினைத்துக்கொள்கிறேன். ரயில்வேயில் வரைபட மேசைக்கு முன்னால் உட்கார்ந்து ஆயுள் முழுக்க நேர்கோடு போட்டவன் நீ. ஓய்வு பெற்ற மறுநாளே, இனி ஒரு நேர்கோடும் போடமாட்டேன் என்று சபதம் செய்து அந்த அறையை வாடகைக்கு எடுத்தாய். சுவர் கொள்ளாமல் போர்க்காலப் படங்களின் நகல்களை ஒட்டி வைத்தாய். ஒரு சுவரில் வெள்ளைக்காரர்கள் வரைந்தவை. அதில் ஜப்பான்காரன் எல்லாம் குரங்கு: வட்டக் கண்ணாடி, சோழி மாதிரிப் பல், முழங்காலைத் தாண்டித் தொங்கும் கை. எதிர்ச் சுவரில் ஜப்பான்காரர்கள் வரைந்தவை. அதில் வெள்ளைக்காரன் எல்லாம் கொக்கு: நீள மூக்கு, வெடவெடக்கும் கால், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வரிசையாக வந்து சரணடைகிறான். நடுவில் நாம் இருவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிடுவோம்.

"நல்லா பாரு மச்சான்" என்பாய், தூரிகையின் பின்பக்கத்தால் காதைக் குடைந்துகொண்டே. "சொந்த ஆளு பத்துப் பேருன்னா பத்து மொகம் போடுறான். எதிரி ஆயிரம் பேருன்னாலும் ஒரே மொகம்தான். அச்சு செஞ்சி வச்சிக்கிட்டுக் குத்தியிருக்கானுங்க."

இன்னொரு சனிக்கிழமை சொன்னாய்: "எதிரி சோறு திங்கிற மாதிரி ஒரு படம் காட்டு பாப்போம். கொல்லுவான், கொளுத்துவான், இல்லன்னா செத்துக் கெடப்பான். அவனுக்கு மட்டும் பசிக்கவே பசிக்காது."

"அப்ப அந்தப் பல்லெல்லாம் எதுக்குடா?"

"கடிக்கிறதுக்கு. சிரிக்கிறதுக்கு இல்ல."

அப்புறம் இரண்டு சுவரையும் சுற்றிக் காட்டி, குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னாய். "இவன் போட்டதுலயும் நாம இல்ல, அவன் போட்டதுலயும் நாம இல்ல. சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவங்க எல்லாம் எந்தச் செவுத்துலடா இருக்காங்க?"

அதை என்னிடம் சொன்னதற்குக் காரணம் இருந்தது. என் அப்பா அப்படி ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போனவர். திரும்பி வந்த கொஞ்சம் பேரில் ஒருவர். வந்து கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார், கல்யாணம் செய்துகொண்டார், என்னைப் பெற்றார். சயாமைப் பற்றி மட்டும் வாயைத் திறந்ததில்லை. அவர் பேசாத குறையை நான் தீர்த்து வைத்தேன். என் கதைகளில் அப்பா சயாம் காட்டிலிருந்து ஒரு புலிமேல் ஏறித் தப்பித்தார். எல்லையில் புலி களைத்துவிட, அதைத் தோளில் தூக்கிக்கொண்டு பட்டர்வொர்த் வரை நடந்தார். அங்கே புலிக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார். எங்கள் வீட்டில் உட்கார்ந்து நான் இதை அவிழ்த்துவிடும்போது நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருளுவாய்.

அப்பா சிரிக்கமாட்டார். சொல்லப்போனால், கதைகூட அவரை ஒன்றும் செய்யாது. நான் சிரிக்கத் தொடங்கினால்தான் எழுந்து வெளியே போய்விடுவார். போகும்போது அவர் கதவை அறைந்து சாத்துகிற சாத்தில் பக்கத்து வீட்டுத் தென்னையிலிருந்து இளநீர் உதிரும். கோழிகள் பயந்து தவணைக்கு முன்னாலேயே முட்டையிடும். என் நகைச்சுவைக்கு மயங்காத ஒரே மனிதர் என் தகப்பனார் என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

அவர் காலமாகி வெகுநாளைக்குப் பிறகுதான் மண்டபத்துக்காரர்கள் உன்னிடம் வந்தார்கள். சயாமுக்குப் போனவர்கள் நினைவாக ஒரு பெரிய படம் வேண்டும், சுவர் நிறைய வேண்டும். நீ நேராக எனக்குத்தான் போன் செய்தாய். "மச்சான், நடுவுல நீதான்டா இருக்கப்போற."

என் அப்பாவுக்கு ஒழுங்கான புகைப்படம் ஒன்றுகூடக் கிடையாது. அடையாள அட்டையில் இருந்த மூஞ்சி யாரோ திருடனுடையது மாதிரி இருக்கும். என் நண்பன் என் உடம்பை வைத்து அவரை நிறுத்தப்போகிறான், கிள்ளானில் ஒரு சுவரில் அவருக்கு இடம் கிடைக்கப்போகிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். நீ அப்படிச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தது உன் காதுக்கும் வந்தது. அப்போதும் நீ மறுக்கவில்லை.

சனிக்கிழமைதோறும் கொம்யூட்டரில் வந்தேன். சயாமுக்குப் போன ஆள் மாதிரி இளைக்கவேண்டுமே என்று வாழையிலைச் சாப்பாட்டில் மறுசோறு வாங்குவதை நிறுத்தினேன். அந்த மாதம் பிரிக்பீல்ட்ஸ் உணவகங்கள் கூட்டம் போட்டு அழுதன. நீ என்னை ஒரு மரக்கட்டைமேல் உட்காரவைத்து, கையில் ஒரு தகரக் கிண்ணத்தைக் கொடுத்தாய்.

"சிரி" என்றாய்.

"கட்ட தூக்குறவன் எதுக்குடா சிரிக்கிறான்?"

"நீ சிரி. மத்தத நான் பாத்துக்கறேன். அந்தப் புலிக் கதையச் சொல்லு."

சொன்னேன். சொல்லிவிட்டு, வழக்கம்போல நானே முதலில் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. என் வாயைப் பார்த்தாய், துணியைப் பார்த்தாய், வரைந்தாய். அந்தக் கதைக்கு நீ சிரிக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை. கலைஞன் தவத்தில் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

திறப்பு விழாவுக்கு நான் போன ஊர்வலத்தைச் சொல்லவேண்டும். இரண்டு வேன். என் அக்கா குடும்பம், சம்பந்தி குடும்பம், ஷா ஆலத்தில் பெரிய வேலையில் இருக்கும் சம்பந்தியின் தம்பி. பட்டு வேட்டி, பட்டு ஜிப்பா. யானை ஒன்று ஏற்பாடு செய்திருந்தேன்; அதற்குத்தான் பார்க்கிங் கிடைக்கவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து, அப்பாவைப் பார்க்கப்போகிறோம் என்று மூக்கைக்கூடத் தயாராக உறிஞ்சி வைத்துக்கொண்டேன்.

திரை விலகியது.

தண்டவாளம். கட்டை சுமந்து வருகிற ஆட்கள், எலும்பும் கோவணமுமாக. ஒவ்வொருவருக்கும் ஒரு தனி முகம். நீ சொன்னதை நீ செய்திருந்தாய். அவர்களுக்கு முன்னால், படத்தின் நடுவே, ஒரு கட்டைமேல் உட்கார்ந்து, தகரக் கிண்ணத்தில் சோறு தின்றுகொண்டு, யாரோ கூட்டாளியைப் பார்த்துச் சிரிக்கிறான் ஒரு ஜப்பானியச் சிப்பாய். இருபது வயது நான்.

என் இரண்டு வேன் கூட்டமும் திரும்பி என்னைப் பார்த்தது. அப்புறம் என் அக்கா மகள் எழுந்து நின்றாள். "மாமா! நீங்க அந்தப் பக்கமா?"

சம்பந்தி என் கையைப் பிடித்துக் குலுக்கி, "தொப்பி ஒங்களுக்கு எடுப்பா இருக்கு" என்றார். மண்டபத் தலைவர் உன்னைப் பார்த்துக் கையைப் பிசைந்தார். "என்ன சார் இது, பாத்தா நல்ல குடும்பத்துப் பையன் மாதிரில்ல இருக்கான். பல்லக் கொஞ்சம் நீட்டி, ஒரு கண்ணாடியாச்சும் போட்டிருக்கக் கூடாதா?"

நான் அதையெல்லாம் கேட்கவில்லை. கட்டை சுமந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தேன். அப்பா இல்லை.

வெளியே, கார்களுக்கு நடுவே உன்னை மறித்தேன். "எங்கப்பா எங்கடா?"

நீ என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "எனக்குத் தெரிஞ்சதிலேயே நல்ல சிரிப்பு ஒன்னோடதுதான் மச்சான்" என்றாய். அவ்வளவுதான். நான் வேனில் ஏறினேன். பிறகு நீயும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை.

பழி எனக்குத்தான் வந்தது. கிள்ளானில் எனக்கு ஜப்பான் மாமா என்று பெயர் விழுந்தது. சாப்பாட்டுக் கடைக்காரன் "என்ன பாஸ், தே தாரிக்கா, இல்ல ஜப்பான் சரக்கா?" என்பான். அந்த மண்டபத்தில் நடந்த கல்யாணம் எல்லாவற்றிலும் தாலி கட்டும் நேரத்துக்குப் புகைப்படத்தில் பின்னால் நான்தான் சிரித்துக்கொண்டிருந்தேன். திரை போட்டு மூடுவார்கள், எவனாவது மின்விசிறியைக் கூட்டி வைப்பான், திரை விலகும். என் முகம் இல்லாத கல்யாண ஆல்பம் கிள்ளான் வட்டாரத்திலேயே கிடையாது. ஆயுத பூசையன்று காவலாளி மைக், குளிர்பெட்டி, நாற்காலி என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தவர், படத்தில் கட்டை சுமந்தவர்கள் நெற்றிக்கெல்லாம் வைத்துவிட்டு, சிப்பாயின் நெற்றிக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டார். எதிரிக்குப் பொட்டு வைத்த போர்ப்படம் உலகத்திலேயே அது ஒன்றுதான். அந்தச் சிவப்பு அப்படியே ஊறிப்போய் இன்னும் இருக்கிறது.

நீ இறந்தபோது வந்தேன். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். விளக்கம் சொல்லுகிற முகமாக இல்லை.

நேற்று, படத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு லோரி போன பிறகு, உன் மனைவி தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டாள். "அண்ணே, கோவிக்காம சொல்லுங்க. அவரு ஒங்ககிட்ட சொல்லவே இல்லியா?"

"என்ன தங்கச்சி?"

"ஒங்கப்பா ஆஸ்பத்திரில இருந்தப்ப, ஒரு நாளு ரெண்டு பேரும் போனீங்களாம். எங்க வீட்டுக்காரர மட்டும் வாசல்ல எறக்கிவிட்டுட்டு நீங்க பார்க்கிங் தேடப் போயிட்டீங்களாம்."

நினைவு வந்தது. அன்று பார்க்கிங் தேடி ஷா ஆலம் வரை போய், அங்கே சுல்தானிடம் அனுமதி வாங்கித் திரும்பி வந்தேன் என்று நீண்டகாலம் கதை விட்டிருக்கிறேன்.

"அப்ப இவரு கேட்டாராம், 'அங்க இருந்த ஜப்பான்காரன் எப்படிங்கய்யா இருப்பான், படத்துல போடுற மாதிரியா?'ன்னு. ஒங்கப்பா சொன்னாராம், 'அடிக்கிறப்ப யாரு மொகத்தப் பாத்தா, தல குனிஞ்சில்ல நிப்போம். ஒருத்தன் மொகம்தான் பாத்தேன். சின்னப் பையன். வேல முடிஞ்சி குளிச்சிட்டு வந்து, சோத்த வச்சிக்கிட்டு கூட்டாளிங்களோட சிரிப்பான். மனசுல ஒண்ணுமே இல்லாதவன் சிரிப்பு. நாங்க அந்தப் பக்கம் பொணம் தூக்கிக்கிட்டுப் போவோம். அடி மறந்துபோச்சு, அந்தச் சிரிப்பு மறக்கல. என் மவனுக்கு அதே சிரிப்புடா. பெத்த புள்ள சிரிச்சா எந்திரிச்சிப் போறேனே, நான் என்ன மனுசன்?'"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டாராம். 'சொல்லிறாத, அவன் சிரிக்கிறத விட்டுருவான்'னாராம்."

எந்த இடைவெளியையும் வாயால் நிரப்புகிறவன் நான். நேற்று அவளுடைய டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தேன்.

இப்போது உன்னோடு எனக்குள்ள வழக்கைச் சொல்கிறேன், கேள். என் அப்பா ஆயுளில் ஒரு தடவை வாயைத் திறந்தார். அது உன்னிடம். அவருடைய மகன் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தான். போகட்டும். கேட்டதை எனக்குத் தெரியாமல் இத்தனை காலம் உன் வயிற்றுக்குள் வைத்திருந்தாய்; என் புலிக் கதைக்கு என் வீட்டுத் தரையில் உருண்டு சிரித்த காலத்திலும் வைத்திருந்தாய். அதையும் அவருக்குக் கொடுத்த வாக்கு என்று விடலாம். ஆனால் அந்த வாக்கை ஊர் மண்டபத்துச் சுவரில், எண்ணெய்ச் சாயத்தில், கல்யாண வீடுகளுக்கெல்லாம் திறந்து காட்டினாயே! கிள்ளான் முழுக்கப் பார்த்தது. உன் மனைவிக்குத் தெரிந்திருந்தது. சம்பந்தப்பட்ட இரண்டு பேரில் ஒருவர் செத்துப்போனார். மிச்சம் இருந்த ஒருவனிடம் மட்டும், "நல்ல சிரிப்புடா" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாய்.

எதிரிக்கு அச்சு முகம் போட மனம் வரவில்லை உனக்கு. அவனுக்கும் பசிக்கும், அவனும் நல்ல பிள்ளை மாதிரிச் சிரிப்பான், அதுதான் பயங்கரம் என்று காட்டவேண்டும். சரி. சரியான படம்தான், உன் சுவரில் இருந்த எதையும்விடச் சரியான படம். அதற்குக் கொடுக்க உன்னிடம் இருந்தது என் முகம். அதை நீ கேட்டு வாங்கியிருக்கலாம். கேட்டிருந்தால் கொடுத்திருக்கமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் ஏமாற்றினாய்.

உன் மனைவி போன பிறகு ஒரு நாற்காலியைப் படத்துக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் சரியாகத் தெரியவில்லை. நின்றேன். கொஞ்சம் தலையைக் குனிந்து, ஓரக்கண்ணால் பார்த்தேன். அப்போதுதான் எல்லாம் ஒழுங்காக வந்து அமர்ந்தது: தண்டவாளம் எங்கிருந்து தொடங்குகிறது, சிப்பாயின் பூட்ஸ் ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது, அந்தச் சிரிப்பு ஏன் ஆளைத் தாண்டிப் போகிறது. எங்கப்பா எங்கடா என்று கேட்டேனே. அவர் படத்துக்குள் இல்லை. நான் நின்ற இடத்தில் நின்றிருக்கிறார். இதையாவது அன்றைக்கு, அந்தக் கார்களுக்கு நடுவே, ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம் நீ.

உன்னை மன்னிக்கவில்லை. அதற்கு இன்னும் கொஞ்சம் வயதாகவேண்டும். படம் மட்டும் இங்கேயே இருக்கும். அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கலாமா என்று வீட்டுக்காரி கேட்டாள். வேண்டாம் என்றேன். இன்று காலையில் லோரிக்காரர் பேனரை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்தார். "ஜெனரல், குட்மார்னிங்!" என்று சல்யூட் அடித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தக் கை பாதி வழி வந்தது. அப்பா உன்னிடம் கேட்டுக்கொண்டது நினைவுக்கு வந்து, கையைக் கீழே போட்டேன்.

சத்தியம் செய்தபடி ஒருவரும் நம்பாத கதையைச் சொல்லி முடித்துவிட்டேன். புகைக்கூண்டு சாயவில்லை. யானை வரவில்லை. புலிக்கு டிக்கெட் எடுக்கவில்லை. ஷா ஆலத்துக்கு நான் போகவில்லை. ஆஸ்பத்திரியின் பின்பக்கத்திலேயே இடம் கிடைத்தது, காரை விட்டு இறங்கத்தான் தைரியம் வரவில்லை. அப்பாவைப் பற்றி நான் விட்ட கதைகளில் ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் உண்மை. நான் சிரிக்கும்போது அப்பா எழுந்து போவார். ஆனால் கதவை அறைந்து சாத்துவார் என்று எழுதியிருக்கிறேன் பார், அது பொய். உனக்குத் தெரியும், நீதான் எப்போதும் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாய். அவர் வெளியே போய், காதுக்கு எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்துகொள்வார். ஒரு நாளும் கதவைச் சாத்தியதில்லை.